ஓதியபடி வாழ்ந்தவர்

தவ்ராத் வேதத்தை 54 பகுதிகளாகப் பிரித்து, சனிக்கிழமைதோறும் தங்கள் ஆலயத்தில் ஓதி, ஓராண்டில் நிறைவு செய்வது யூதர்களின் நெடுநாள் வழக்கம். நிறைவு செய்யும் நாள் அவர்களுக்குப் பெருநாள். அன்றே மீண்டும் முதலிலிருந்து ஆரம்பித்து விடுவார்கள். ஓதினால் மட்டும் போதுமா? இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கிய ஓர் அறிஞரின் சரிதையை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

அவர் பெயர் ஸஅதியா. அரபியில் ஸயீத் இப்னு யூஸுஃப் அல்ஃபையூமி என்பர். எகிப்தின் ஃபையூமில் பிறந்தவர். அப்பாஸிய கலீஃபாக்களின் ஆட்சிக்காலம் அது. யூதர்கள் வீட்டிலும் கடைத்தெருவிலும் அரபி பேசினர்; ஹீப்ருவில் ஓதப்படுவது பாமரருக்கு விளங்கவில்லை. எனவே அவர் தவ்ராத்தை அரபியில் பெயர்த்தெழுதினார். 'தஃப்ஸீர்' என்றே அது வழங்கிற்று. யமன் நாட்டு யூதர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தனர்.

922-ஆம் ஆண்டில் பஸ்கா பெருநாள் எந்த நாள் என்பதில் பாலஸ்தீன அறிஞர்களுக்கும் இராக்கிய அறிஞர்களுக்கும் பிணக்கு மூண்டது. ஒரே சமூகம் இரு வேறு நாட்களில் பெருநாள் கொண்டாடியது. பிறைக் கணக்கால் ஜமாஅத் பிளவுபடும் வேதனையை நாமும் அறிவோமல்லவா? ஸஅதியா கணக்கை ஆராய்ந்து ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். இறுதியில் இராக்கியரின் கணக்கே நிலைத்தது.

928-இல் ஸூரா கல்விக்கூடத்தின் தலைமைப் பதவி அவரைத் தேடி வந்தது. அப்பதவியை அளித்தவர் யூத சமூகத் தலைவரான தாவூத் பின் ஸக்காய். சில ஆண்டுகளில் ஒரு சொத்து வழக்கில் அத்தலைவர் அளித்த தீர்ப்பு வந்தது. அது நீதியானதல்ல என்று கண்ட ஸஅதியா கையெழுத்திட மறுத்துவிட்டார். தீர்ப்பில் முகம் பாராதே என்பது அவர் வாரந்தோறும் ஓதிய வேதத்தின் கட்டளையன்றோ! பதவி பறிபோயிற்று. பக்தாதில் ஒதுங்கி வாழ்ந்த அந்நாட்களையும் அவர் வீணாக்கவில்லை. 'கிதாபுல் அமானாத் வல் இஃதிகாதாத்' என்னும் புகழ்பெற்ற நூலை 933-இல் எழுதி முடித்தார்.

937-இல், ஒருவருக்கொருவர் உணவு அனுப்பி, ஏழைகளுக்கு ஈயும் பூரிம் பண்டிகையை ஒட்டி, இருவரும் சமாதானமாயினர். மூன்றாண்டுகளில் தலைவர் மறைந்தார். அடுத்துப் பதவியேற்ற மகனும் சில மாதங்களில் இறந்தார். பன்னிரண்டு வயதுப் பேரன் அநாதையாக நின்றான். தம்மைப் பதவியிலிருந்து இறக்கியவரின் அந்தப் பேரனை ஸஅதியா தம் இல்லத்திற்கே அழைத்து வந்து வளர்த்தார். 942-இல் அவர் காலமானார்.

அநாதையை ஆதரிக்கும்படியும் அதே வேதம் ஓதப்படுகிறது. பிறருக்கு விளங்க வைத்ததை அவர் தம் வீட்டிலும் நடத்திக் காட்டினார். இன்று நம் வீட்டில் ஓதப்பட்டது எது, அதில் நம் நடத்தையில் இறங்கியது எது என்று இரவில் படுக்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.