செவெரோ ஓச்சோவா

செவெரோ ஓச்சோவா (செப்டம்பர் 24, 1905 – நவம்பர் 1, 1993) எசுப்பானியாவில் பிறந்த அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஆவார். ஆர்.என்.ஏ. தொகுப்பு பற்றிய ஆய்வுக்காக 1959 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஆர்தர் கோர்ன்பெர்க்குடன் பகிர்ந்துகொண்டார். அப்பரிசுக்குக் காரணமான நொதி, உயிரணுக்களில் முதன்மையாக ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி என்பது பின்னர் அறியப்பட்டது.

வாழ்க்கை

ஓச்சோவா அசுதூரியாசுப் பகுதியிலுள்ள லுவார்க்கா என்னும் ஊரில் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். நரம்பியல் அறிஞர் ரமோன் இ கஹாலின் பணிகளால் ஈர்க்கப்பட்டு, மத்ரித் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1929 இல் பட்டம் பெற்றார். 1931 இல் கார்மென் கார்சியா கோபியானை மணந்தார். 1936 இல் எசுப்பானிய உள்நாட்டுப் போர் மூண்டதால் நாட்டை விட்டு வெளியேறினார். செருமனியிலும் இங்கிலாந்திலும் பணியாற்றியபின் அமெரிக்கா சென்றார். 1942 இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1956 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

நொதியின் கண்டுபிடிப்பு

1955 இல் ஓச்சோவாவும் அவரது ஆய்வகத்தில் பணியாற்றிய மரியான் கிரன்பெர்க்-மனாகோவும் அசோட்டோபாக்டர் என்னும் பாக்டீரியத்தில் பாலிநியூக்ளியோடைடு பாஸ்பாரிலேசு நொதியைக் கண்டறிந்தனர். சோதனைக் குழாயில் இந்நொதி நியூக்ளியோடைடுகளை இணைத்து ஆர்.என்.ஏ. இழையை உருவாக்கியது. ஆயினும் அதற்கு டி.என்.ஏ. அச்சு தேவைப்படவில்லை; எனவே மரபுச் செய்தியைப் படியெடுக்கும் நொதியாக அது இருக்க இயலாது. இவ்வினை இருதிசையிலும் நிகழக்கூடியது. உயிரணுவில் பாஸ்பேட்டு மிகுந்திருப்பதால் வினை சிதைவின் பக்கமே செல்கிறது.

இருப்பினும் கண்டுபிடிப்பின் மதிப்பு குறையவில்லை. இந்நொதியால் உருவாக்கப்பட்ட செயற்கை ஆர்.என்.ஏ. இழைகளே 1961 முதல் மரபுக் குறியீட்டை அறிய உதவின. அப்பணியில் மார்சல் நிரன்பெர்க்கின் குழுவும் ஓச்சோவாவின் குழுவும் போட்டியிட்டு ஈடுபட்டன.

பாலூட்டிகளில் ஆர்.என்.ஏ. சிதைவு

மனிதரிலும் பிற பாலூட்டிகளிலும் இந்நொதி இழைமணிகளில் உள்ளது. அங்கு சுவ்3 என்னும் புரதத்துடன் இணைந்து ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கிறது. இழைமணிக்கு வெளியே எக்சோசோம் என்னும் புரதக் கூட்டமைப்பு இவ்வேலையைச் செய்கிறது. அதன் ஒன்பது புரத வளையத்தில் ஆறு புரதங்கள் அமைப்பில் ஓச்சோவாவின் நொதியை ஒத்தவை. எனினும் மனிதரில் அவ்வளையம் தானாக வெட்டுவதில்லை. அதனுடன் இணையும் டிஸ்3 போன்ற நொதிகளே வெட்டுகின்றன.

எந்தத் தூது ஆர்.என்.ஏ. சிதைய வேண்டும் என்பதை முடிவு செய்வதில் புரதங்களின் பிணைப்பும் பங்கு வகிக்கிறது. எடுத்துக்காட்டாக, டிரிஸ்டெட்ராப்ரோலின் என்னும் புரதம் அழற்சியைத் தூண்டும் டி.என்.எப். புரதத்தின் தூது ஆர்.என்.ஏ.வில் பிணைந்து, அதன் வாலைக் குறைக்கும் புரதங்களை அழைத்து வருகிறது. வால் குறைந்த இழை விரைவில் அழிகிறது. டிரிஸ்டெட்ராப்ரோலின் இல்லாத எலிகளுக்குக் கடும் மூட்டழற்சி உண்டாகிறது. இதற்கு மாறாக, எச்.யு.ஆர். என்னும் புரதம் இத்தகைய இடங்களில் பிணைந்து பல ஆர்.என்.ஏ.க்களைக் காக்கிறது.

இறுதிக்காலம்

1974 இல் ஓச்சோவா நியூசெர்சியிலுள்ள ரோச் மூலக்கூற்று உயிரியல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1985 இல் எசுப்பானியாவுக்குத் திரும்பி, 1993 இல் மத்ரித்தில் காலமானார்.