ஒகினாவாவின் போர்க்கால இறுதி ஆளுநர்

பதவியை நாடித் திரிவோர் உலகிற் பலர். மரணம் எதிரே நிற்பதை அறிந்தும் பதவியை ஏற்போர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராகிய ஷிமதா அகிரா என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

இவர் 1901-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஜப்பான் தேசத்துக் கோபே நகரில், ஒரு மருத்துவருக்கு மகனாய்ப் பிறந்தார். தோக்கியோ ஏகாதிபத்திய சர்வகலாசாலையிற் சட்டம் பயின்றார். பேஸ்பால் ஆட்டத்திலும் பெயர் பெற்றார். பின்னர் உள்நாட்டு இலாகாவிற் சேர்ந்து படிப்படியாய் உயர்ந்து, ஒசாகாவிற் பெரிய உத்தியோகஸ்தராய் விளங்கினார்.

1944-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் அமெரிக்க விமானங்கள் பொழிந்த குண்டுகளால் ஒகினாவாவின் தலைநகராகிய நாஹா பெரும்பாலும் சாம்பலாயிற்று. அடுத்து அத்தீவே போர்க்களமாகும் என்ற அச்சம் எங்கும் பரவிற்று. அந்நாளில் ஆளுநராயிருந்தவர் தோக்கியோ சென்று, திரும்பாமலே வேறு மாகாணத்திற்கு மாற்றம் பெற்றார். 1945 ஜனவரியில் அவ்விடத்திற்கு ஷிமதா அழைக்கப்பட்டார். தாம் மறுப்பின் வேறொருவர் சாகச் செல்ல நேருமே என்று கருதி, மனைவி மக்களைப் பிரிந்து தனியே சென்றார்.

சென்றவுடன் அவர் கண்டது மக்களின் பசியே. ஆகவே பிப்ரவரியில் அபாயம் நிறைந்த வான்வழியே தைவானுக்குச் சென்று, ஏறக்குறைய 450 டன் அரிசி தீவுக்கு வர வழி செய்தார். முதியோரையும் பெண்டிரையும் சிறாரையும் வடபகுதி மலைக்காடுகளுக்கு அனுப்புவதில் இரவு பகலாய் உழைத்தார்.

ஏப்ரல் முதல் நாள் அமெரிக்கப் படை பெருந்தீவிற் கரையிறங்கியது. அரசாங்க அலுவலகம் குகைகளுக்குட் புகுந்தது. மே மாத இறுதியிற் சேனை தெற்கே பின்வாங்க, அங்கே தஞ்சம் புகுந்திருந்த குடிகள் இரு படைக்கும் இடையே அகப்பட்டு மடிந்தனர். ஜூன் மாதம் தோதொரோகிக் குகையில் ஷிமதா தம் அலுவலகத்தைக் கலைத்து, ஊழியரை உயிர் பிழைத்துச் செல்லுமாறு விடுவித்தார். அம்மாத இறுதியில் மபுனி என்னுமிடத்திற் காணப்பட்டவர் பின்னர்த் திரும்பவில்லை. அவர் உடலும் கிடைக்கவில்லை.

அவரைக் குற்றமற்றவரென நாம் கூறோம். பள்ளிச் சிறுவர்களைப் படைப்பணிக்குச் சேர்த்ததில் அவர் அலுவலகத்திற்கும் பங்குண்டு. தீவின் மக்களுள் ஏறக்குறைய நால்வருள் ஒருவர் மாண்ட அப்போரில், அப்பழியை மறைத்தல் மாண்ட சிறுவர்க்குச் செய்யும் அநீதியாகும். எனினும், ஓடிப்போக இடமிருந்தும் ஓடாது, தம் குடிகளுக்கு நேர்ந்ததைத் தாமும் ஏற்றாரென்பது மெய். 1951-ஆம் ஆண்டு மபுனியில் அவருக்கும் அவருடன் மாண்ட ஊழியர்க்கும் நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. நாளை பதவி வகிக்கவிருக்கும் மாணவராகிய நாம், அவர்பால் அறியத்தக்கவை இரண்டு: குடிகளை விட்டு நீங்காமை ஒன்று, தகாத கட்டளைக்கு இசையாமை மற்றொன்று. முன்னதை அவர் வாழ்ந்து காட்டினார். பின்னதை அவர் குறையினின்று நாம் கற்றல் வேண்டும்.