மொகலே ஆஸம் தந்த கே. ஆஸிப்

கடையின் பெயர்ப்பலகையில் ஒருவர் பெயர் இருக்கும். முதல் போட்டவர் வேறொருவராக இருப்பார். இரவு பகலாகப் பாடுபட்டவர்களோ பலராக இருப்பார்கள். ஸினிமாத் தொழிலிலும் இதுவே நடைமுறை. ஸினிமா பார்ப்பது கூடுமா கூடாதா என்ற விவகாரத்தை ஆலிம் பெருமக்களுக்கு விட்டுவிட்டு, எடுத்த காரியத்தை முடிக்காமல் விடேன் என்று நின்ற ஒரு மனிதரின் வரலாற்றை மட்டும் இங்கே காண்போம்.

கே. ஆஸிப் 1922-ம் ஆண்டு ஐக்கிய மாகாணத்து எட்டாவா நகரில் பிறந்தார். வாலிப வயதில் பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்து தையற்கடையில் இருந்ததாகச் சொல்வார்கள். வயது இருபத்தைந்தைத் தொடுமுன்னரே டைரக்டராகி, பிருதிவிராஜ் கபூர், ஸுரையா போன்ற பெரிய நடிகர்களை ஒன்றுசேர்த்து 1945-ல் தம் முதற் படத்தை வெளியிட்டார்.

இம்தியாஸ் அலீ தாஜ் 1922-ல் எழுதிய அனார்கலி என்ற உர்து நாடகம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அக்பர் பாதுஷா, இளவரசர் ஸலீம், அனார்கலி என்ற அக்கதையைப் பிரம்மாண்டமாகப் படமாக்கத் துணிந்தார். ஷீராஸ் அலீ ஹக்கீம் முதல் போட்டார். அக்பராகச் சந்திரமோகன், ஸலீமாக ஸப்ரூ, அனார்கலியாக நர்கிஸ் என்று ஏற்பாடாகி, 1946-ல் படப்பிடிப்பும் துவங்கிற்று. திலீப்குமார் பெயரும் அப்போது யோசனைக்கு வந்தது. ஸலீம் வேடத்துக்குப் பொருந்தமாட்டார் என்று ஆஸிப் ஒதுக்கிவிட்டார்.

மறு ஆண்டு தேசம் பிரிந்தது. ஹக்கீம் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தார். 1949-ல் சந்திரமோகன் காலமானார். முதலாளியும் இல்லை, அக்பரும் இல்லை! வேறொருவராக இருந்தால் நஷ்டக் கணக்கு எழுதிக் கதவைச் சாத்தியிருப்பார். ஆஸிப் சாத்தவில்லை.

கட்டடத் தொழிலில் பேர்பெற்ற பார்ஸி செல்வர் ஷாபூர்ஜி பல்லோன்ஜி முன்வந்தார். ஸினிமாவைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. அக்பரின் சரித்திரத்தில் மட்டும் பற்றுடையவர். புதிய நடிகர் பட்டியல் தயாராயிற்று. அக்பராகப் பிருதிவிராஜ் கபூர் வந்தார். முன்பு ஒதுக்கப்பட்ட திலீப்குமாரே இப்போது ஸலீமானார். நர்கிஸ் மறுத்துவிடவே, அனார்கலி வேடம் மதுபாலாவுக்குக் கிடைத்தது. இதற்கிடையில், 1953-ல் பீனா ராய் நடித்த அனார்கலி ஹிந்தியில் வெளிவந்து பெருவெற்றி கண்டது. 1955-ல் தெலுங்கில் அஞ்சலிதேவியும் நாகேஸ்வரராவும் நடித்த அனார்கலியும் வந்தது. அதே சரக்கு வேறு கடைகளில் விற்றுத் தீர்ந்த பிறகும் ஆஸிப் தம் சரக்கை மட்டமாக்கவில்லை, அவசரப்பட்டு முடிக்கவுமில்லை.

செலவு ஏறிக்கொண்டே போயிற்று. கண்ணாடி மாளிகைக் காட்சிக்கான அரங்கை அமைக்க மட்டும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஷாபூர்ஜி பொறுமையிழந்து, படத்தைச் சீக்கிரம் முடித்துத்தரப் புகழ்பெற்ற டைரக்டர் ஸொஹ்ராப் மோடியை அழைத்ததாகக் கூறுவர். ஆஸிப் இடங்கொடுக்கவில்லை. இறுதியில் அவர் கையாலேயே படம் முடிந்து, 1960 ஆகஸ்ட் 5-ந் தேதி பம்பாய் மராட்டா மந்திர் தியேட்டரில் வெளியாகி வசூலில் சாதனை படைத்தது. தமிழில் அக்பர் என்ற பெயரில் 1961-ல் வந்த பதிப்போ தோல்வியே கண்டது.

இனிப் பெயர் யாருக்கு என்ற கேள்வி. வசனத்துக்கு அமான், கமால் அம்ரோஹி, வஜாஹத் மிர்ஸா, இஹ்ஸான் ரிஸ்வி என்ற நால்வர் பெயர்கள் போடப்பட்டன. எந்த வரி யாருடையது என்ற வாதம் எழுந்தாலும், பிலிம்பேர் பரிசு நால்வருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. தான்ஸேனாகத் திரையில் தோன்றியவர் ஸுரேந்திரா. அவரே பாடகர்தாம், ஆயினும் கேட்பது உஸ்தாத் படே குலாம் அலீகானின் குரல். சம்மதிக்க மனமில்லாத உஸ்தாத், ஆஸிப் திரும்பிப் போகட்டும் என்று பாட்டுக்கு 25,000 ரூபாய் கேட்டதாகவும், ஆஸிப் தயங்காமல் ஒப்புக்கொண்டதாகவும் சொல்வார்கள். கண்ணாடி மாளிகை நடனத்தில் சில சுழற்சிகளை, மதுபாலாவின் முகமூடி அணிந்த ஓர் ஆண் நடனக்காரரே ஆடினார் என்ற செய்தியும் உண்டு. கைதட்டல் மதுபாலாவுக்குச் சென்றது. ஆடியவரைத் தெரிந்தவர் சிலரே.

ஆஸிப் அடுத்துத் துவக்கியது லைலா மஜ்னூன் கதை. மஜ்னூனாக நடித்த குருதத் 1964-ல் மறைந்தார். ஸஞ்சீவ்குமாரைக் கொண்டு மீண்டும் ஆரம்பித்தார். ஆனால், 1971 மார்ச் 9-ந் தேதி, நாற்பத்தெட்டாவது வயதில் ஆஸிப்பே காலமானார். பாதியில் நின்ற அப்படத்தை அவர் மனைவி அக்தர் ஆஸிப் 1986-ல் வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டே ஸஞ்சீவ்குமாரும் மறைந்துவிட்டார்.

வியாபாரச் சகோதரர்களுக்கு இவ்வரலாற்றில் படிப்பினைகள் உண்டு. பங்காளி பிரிந்தாலும் தொழிலைக் கைவிடாத உறுதி ஆஸிப்பிடம் இருந்தது. கோபம் வந்தபோதும் முதலைத் திருப்பி எடுத்துக்கொள்ளாத பெருந்தன்மை ஷாபூர்ஜியிடம் இருந்தது. ஆனால், முகமூடிக்குப் பின்னே ஆடியவருக்குரிய பெயர்தான் பலகையேறாமல் போயிற்று. நம் கடைகளிலும் அத்தகைய உழைப்பாளிகள் உண்டல்லவா? கூலியைப் போலவே பெயரும் ஓர் அமானிதம். அதை உரியவரிடம் சேர்ப்பது நம் கடமை. மர்ஹூம் ஆஸிப் அவர்களின் பிழைகளை அல்லாஹ் பொறுத்தருள்வானாக! ஆமீன்.