செர்கீ ஐசன்ஸ்டீன்

செர்கீ மிகைலொவிச் ஐசன்ஸ்டீன் (ஜனவரி 22, 1898 - பெப்ரவரி 11, 1948) சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த திரைப்பட இயக்குனரும் திரைப்படக் கோட்பாட்டாளரும் ஆவார். படத்தொகுப்பே திரைப்படக் கலையின் உயிர்நாடி என்ற கருத்தைத் தன் படங்களாலும் எழுத்துக்களாலும் நிலைநாட்டியவர். போர்க்கப்பல் பொட்டெம்கின் (1925) இவரது மிகவும் புகழ்பெற்ற திரைப்படமாகும். ஏறத்தாழ 24 ஆண்டுகள் திரைத்துறையில் இருந்தும் இவர் முடித்த முழுநீளப் படங்கள் ஏழு மட்டுமே. எடுக்கத் தொடங்கி நின்று போனவையும், எழுத்தளவிலேயே தங்கிவிட்டவையும் அதனினும் கூடுதலானவை.

இளமைக்காலம்

ஐசன்ஸ்டீன் அன்றைய ரஷ்யப் பேரரசின் ரீகா நகரில் (இன்றைய லாத்வியாவின் தலைநகர்) பிறந்தார். தந்தை மிகைல் பெயர் பெற்ற கட்டடக்கலைஞர். தந்தையின் வழியில் செல்லும் பொருட்டு 1915 இல் பெட்ரோகிராட் குடிசார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். 1917 புரட்சியைத் தொடர்ந்து படிப்பை இடையில் விட்டு, 1918 இல் செம்படையில் இணைந்து அரண் அமைக்கும் பணிகளில் ஈடுபட்டார். தந்தையோ எதிர்த்தரப்பான வெண்படையின் பக்கம் நின்றார்.

1920 இல் மாஸ்கோ வந்து சிறிது காலம் ஜப்பானிய மொழி பயின்றார். இரண்டு சித்திர எழுத்துக்கள் இணையும்போது, அவ்விரண்டிலும் இல்லாத மூன்றாவது பொருள் ஒன்று தோன்றுவதை அம்மொழியில் கண்டார். பின்னாளில் தன் படத்தொகுப்புக் கொள்கையை விளக்க இதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். புரொலெட்கல்ட் நாடக அரங்கில் பணியாற்றியவாறே, புகழ்பெற்ற நாடக நெறியாளர் மெயர்ஹோல்டிடம் பாடம் கேட்டார்.

மௌனப் படங்கள்

முதல் படமான வேலைநிறுத்தம் 1925 இல் வெளிவந்தது. தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சியினிடையே கசாப்புக் கூடத்தில் மாடு அறுக்கப்படும் காட்சியை இவர் வெட்டிச் சேர்த்தார். கதையில் மாடும் இல்லை, கசாப்புக் கூடமும் இல்லை. தொடர்பற்ற இரு காட்சிகளின் மோதலில் பார்ப்பவர் மனதில் ஒரு கருத்து பிறக்க வேண்டும் என்பதே இவரது நோக்கம்.

1905 ஆம் ஆண்டுப் புரட்சியின் இருபதாம் ஆண்டு நினைவாக அரசு ஒரு படத்தை இவரிடம் ஒப்படைத்தது. அவ்வாண்டின் நிகழ்வுகள் அனைத்தையும் சொல்வதே முதல் திட்டம். ஒடெசா துறைமுகத்துக்குச் சென்றபின், திரைக்கதையில் சிறு பகுதியாக இருந்த கப்பற்படைக் கலகமே முழுப் படமாயிற்று. போர்க்கப்பல் பொட்டெம்கின் டிசம்பர் 21, 1925 அன்று மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் திரையிடப்பட்டது. இதில் வரும் ஒடெசா படிக்கட்டுக் காட்சி திரைப்பட வரலாற்றில் மிகுதியாக ஆராயப்பட்ட காட்சிகளுள் ஒன்று. படிகளில் இறங்கும் படைவீரர்களின் சீரான நடை, சிதறியோடும் மக்கள், தாயின் கையை விட்டு உருண்டோடும் குழந்தை வண்டி ஆகியவற்றை மாற்றி மாற்றிக் காட்டி, சில நிமிடங்களில் முடியக்கூடிய நிகழ்வை இவர் நீட்டித்தார். காலத்தையும் படத்தொகுப்பால் விரிக்க முடியும் என்பது இதனால் தெளிவாயிற்று. பல நாடுகள் இப்படத்தைத் தடை செய்தன. பிரித்தானியாவில் தடை 1954 வரை நீடித்தது.

அடுத்து வந்த அக்டோபர் (1928), அரசியலில் வீழ்த்தப்பட்டிருந்த டிராட்ஸ்கி இடம்பெற்ற பகுதிகள் நீக்கப்பட்ட பின்னரே வெளியானது. பழையதும் புதியதும் (1929) கூட்டுப்பண்ணை பற்றியது. இதன் பின்னர் ஒன்பது ஆண்டுகள் இவரது படம் எதுவும் முழுமையாக வெளிவரவில்லை.

மூலதனமும் கண்ணாடி வீடும்

அக்டோபர் படவேலைகளின் போதே, கார்ல் மார்க்சின் மூலதனம் நூலைப் படமாக்கும் எண்ணம் இவருக்குத் தோன்றியது. கதையின்றி, ஒரு மனிதனின் அன்றாடச் செயல்களிலிருந்து பொருளாதாரக் கருத்துக்களை நோக்கி விரியும் படமாக அதனைத் திட்டமிட்டார். ஜேம்ஸ் ஜாய்சின் யுலிசீஸ் நாவலின் தாக்கம் இதில் உண்டு. 1929 இல் பாரிசில் ஜாய்சைச் சந்தித்தும் பேசினார். குறிப்புகளைத் தாண்டி இது வளரவில்லை.

சுவர்களும் தளங்களும் கண்ணாடியாலான கட்டடம் ஒன்றில் நிகழும் கண்ணாடி வீடு என்ற படமும் இவர் மனதில் நெடுநாள் இருந்தது. எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தும் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் காணாமல் வாழ்வதே அதன் கரு. இதற்கு வரைந்த படங்களும் குறிப்புகளும் மட்டுமே எஞ்சின.

ஹாலிவுட்

ஒலிப்பட நுட்பத்தைக் கற்கும்பொருட்டு 1929 இல் உதவி இயக்குனர் அலெக்சாந்தரோவ், ஒளிப்பதிவாளர் எடுவர்ட் டிஸ்ஸே ஆகியோருடன் மேற்கு நாடுகளுக்குப் புறப்பட்டார். 1930 இல் பாரமவுண்ட் நிறுவனம் இவரை ஒப்பந்தம் செய்தது. கலிபோர்னியத் தங்க வேட்டையைப் பற்றிய சட்டரின் தங்கம் திரைக்கதையை நிறுவனம் மறுத்தது. பின்னர் தியடோர் டிரைசரின் ஓர் அமெரிக்கத் துன்பியல் நாவலைத் திரைக்கதையாக்கினார். குற்றம் செய்த இளைஞனைவிட அவனை உருவாக்கிய சமூகமே அதில் குற்றவாளியாக நின்றது. நாவலாசிரியருக்கு இது மிகவும் பிடித்திருந்தது; நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை. அக்டோபர் 1930 இல் ஒப்பந்தம் முறிந்தது. அதே நாவலை ஸ்டெர்ன்பெர்க் 1931 இல் வேறு விதமாக எடுத்தார். ஹாலிவுட்டில் ஐசன்ஸ்டீனின் திட்டம் எதுவும் படமாகவில்லை.

மெக்சிக்கோ

எழுத்தாளர் அப்டன் சின்கிளேரும் அவர் மனைவியும் பணம் தர, டிசம்பர் 1930 இல் மூவரும் மெக்சிக்கோ சென்றனர். மூன்று, நான்கு மாதங்களில், 25,000 டாலர் அளவில் ஒரு படம் என்பதே உடன்பாடு. ஐசன்ஸ்டீனோ ஒரு நாட்டின் பன்னூற்றாண்டு வாழ்வையே படமாக்க முனைந்தார். முன்னுரை, நான்கு கதைகள், முடிவுரை என கியூ விவா மெக்சிக்கோ வளர்ந்தது. செலவும் காலமும் கைமீறின. நாடு திரும்பாத இவரைத் தோழர்களின் நம்பிக்கையை இழந்தவராகக் குறித்து, 1931 இன் இறுதியில் ஸ்டாலின் சின்கிளேருக்குத் தந்தி அனுப்பினார். 1932 தொடக்கத்தில் சின்கிளேர் பணத்தை நிறுத்தினார். அப்போது நான்காவது கதை எடுக்கப்படாமலே இருந்தது.

இவரது இழப்புகளுள் இதுவே பெரிது எனலாம். படச்சுருள்கள் மாஸ்கோவுக்கு அனுப்பப்படும், அங்கு தொகுக்கலாம் என்ற எதிர்பார்ப்பில் இவர் நாடு திரும்பினார், அவை வரவில்லை. அமெரிக்காவில் வேறு கைகள் அவற்றை வெட்டி 1933 இல் தண்டர் ஓவர் மெக்சிக்கோ என்ற படமாக்கின. படம் படப்பிடிப்பில் அல்ல, தொகுப்பு மேசையில்தான் உருவாகிறது எனக் கற்பித்தவருக்கு, தான் எடுத்த காட்சிகளைத் தன் கையால் ஒருமுறைகூட அடுக்கிப் பார்க்கும் வாய்ப்பு கிட்டவில்லை.

பெசின் புல்வெளி

நாடு திரும்பியவர் மாஸ்கோ திரைப்படக் கல்லூரியில் ஆசிரியரானார். 1935 இல் பெசின் புல்வெளி படத்தைத் தொடங்கினார். தந்தையின் சதியைக் காட்டிக்கொடுத்து, அவராலேயே கொல்லப்படும் ஒரு சிறுவனின் கதை அது. இடையே அம்மை நோய் கண்டு படப்பிடிப்பு தடைப்பட்டது. பின்னர் அதிகாரிகளின் ஆட்சேபம் காரணமாக எழுத்தாளர் ஐசாக் பாபேலின் துணையுடன் திரைக்கதை மாற்றி எழுதப்பட்டது. மார்ச் 1937 இல், திரைத்துறைத் தலைவர் போரிஸ் ஷுமியாத்ஸ்கி படத்தை நிறுத்தினார். தன் தவறுகளை ஒப்புக்கொண்டு அறிக்கை எழுதும் நிலைக்கு ஐசன்ஸ்டீன் தள்ளப்பட்டார்.

அக்காலத்தில் இது ஒரு படம் நின்றுபோன செய்தி மட்டும் அல்ல. ஷுமியாத்ஸ்கி 1938 இலும், பாபேலும் மெயர்ஹோல்டும் 1940 இலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். தன் ஆசிரியர் மெயர்ஹோல்டின் கையெழுத்துப் பிரதிகளை ஐசன்ஸ்டீன் ஊர்ப்புற வீட்டில் மறைத்து வைத்துக் காத்தார். பிடிபட்டிருந்தால் விளைவு என்னவாயிருக்கும் என்பதை அவர் அறியாதவர் அல்லர்.

நெவ்ஸ்கியும் இவானும்

1938 இல் வெளிவந்த அலெக்சாந்தர் நெவ்ஸ்கி இவரது முதல் ஒலிப்படம். 1242 இல் ஜெர்மானிய வீரர்களை ரஷ்யர்கள் வென்ற கதை. உறைந்த ஏரிமீது நடக்கும் போர்க்காட்சி கோடைக்காலத்தில் செயற்கைப் பனி கொண்டு எடுக்கப்பட்டது. இசையமைப்பாளர் புரொகோபியெவ். மறு ஆண்டு சோவியத்-ஜெர்மானிய உடன்படிக்கை ஏற்பட்டதும் இப்படம் திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. 1941 இல் ஜெர்மனி படையெடுத்ததும் மீண்டும் வந்தது. மத்திய ஆசியாவில் வெட்டப்பட்ட பெர்கானா பெருங்கால்வாயைப் பற்றி இவர் திட்டமிட்ட படமோ 1939 இல் படப்பிடிப்புக்கு முன்னதாகக் கைவிடப்பட்டது.

போர்க்காலத்தில் அல்மா-ஆட்டா நகரில் இவான் தி டெரிபிள் எடுக்கப்பட்டது. ஜனவரி 1945 இல் வெளிவந்த முதல் பாகம் ஸ்டாலின் பரிசு பெற்றது. இரண்டாம் பாகத்தின் தொகுப்பை முடித்த வேளையில், பெப்ரவரி 1946 இல், இவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. சந்தேகமும் தனிமையும் சூழ்ந்த மன்னனையும் அவனது காவற்படையையும் காட்டிய அப்பாகம் தடை செய்யப்பட்டது. 1947 இல் ஸ்டாலின் இவரையும் இவானாக நடித்த செர்க்காசோவையும் கிரெம்ளினுக்கு அழைத்து, திருத்தங்கள் கூறினார். ஐசன்ஸ்டீன் அவற்றை நிறைவேற்றவில்லை. மறு ஆண்டு, ஐம்பதாம் பிறந்தநாள் கழிந்து மூன்று வாரங்களுக்குள், மாரடைப்பால் இறந்தார்.

மறைவுக்குப் பின்

இரண்டாம் பாகம் ஸ்டாலினின் மறைவுக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1958 இல் வெளியானது. மூன்றாம் பாகத்துக்கென எடுக்கப்பட்டவற்றுள் பெரும்பகுதி அழிந்து, சிறு துண்டே எஞ்சியது. மெக்சிக்கோ படச்சுருள்கள் பின்னாளில் சோவியத் ஒன்றியத்துக்கு வந்து சேர, 1979 இல் அலெக்சாந்தரோவ் அவற்றைத் தொகுத்தார். மூலதனம் குறித்த குறிப்புகளை மையமாக வைத்து ஜெர்மானிய இயக்குனர் அலெக்சாந்தர் குளூகே 2008 இல் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படமொன்றை எடுத்தார்.

பெசின் புல்வெளியின் சுருள்கள் கிடைக்கவில்லை. ஆயினும் காட்சிகளிலிருந்து வெட்டியெடுத்த ஒற்றைப் படச்சட்டங்களை இவர் மனைவி பெரா அத்தாஷெவா பாதுகாத்து வைத்திருந்தார். அவற்றைத் திரைக்கதையின் வரிசைப்படி அடுக்கி, யுட்கேவிச்சும் கிளைமனும் 1960களில் சுமார் அரை மணி நேரப் படமாக்கினர். அசைவற்ற படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் அதுவே பெசின் புல்வெளியாக இன்று காணக்கிடைக்கிறது.