வானத்தைக் கணக்கிட்டவர்

நாளை மழை பெய்யுமா என்னும் வினாவுக்கு இன்று கணிப்பொறி விடை கூறுகின்றது. வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றும் அழுத்தமும் ஈரமும் எவ்வாறு மாறும் என எண்களால் கணித்தே வானிலை அறிவிப்புகள் உருவாகின்றன. இக்கணக்கை மின்னணுக் கணிப்பொறி தோன்றுமுன்னரே கையால் போட்டுப் பார்த்தவர் ஒருவர் உண்டு. போட்டார், தோற்றார், தோல்வியை ஒளிக்காது நூலாகவும் வெளியிட்டார். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்னும் அவ்வறிஞரின் வாழ்வை ஈண்டுக் காண்போம்.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1881ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், தோல் பதனிடும் தொழில் நடத்திய குடும்பத்தில் எழுவருள் இளையவராகப் பிறந்தார். அவர்தம் குடும்பத்தார் படைக்கலம் ஏந்துவதை மறுக்கும் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். இதனை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். அவர் வாழ்வின் திருப்பங்கள் பலவும் இதனால் விளைந்தவையே.

கேம்பிரிட்ஜில் கல்வி முடித்தபின், சதுப்பு நிலத்தின் மட்கரியை எடுக்கும் நிறுவனம் ஒன்றில் 1906இல் பணியேற்றார். நீரை வடிக்கக் கால்வாய்களை எங்ஙனம் வெட்டுவது என்பது அங்கு எழுந்த சிக்கல். நீர் ஊறிச் செல்லும் போக்கிற்குச் சமன்பாடு எழுதலாம். ஆனால் ஒழுங்கற்ற வடிவமுடைய நிலத்திற்கு அதனைத் தீர்க்க அன்றைய கணிதத்தில் வழியில்லை. எனவே பரப்பைக் கட்டங்களாக்கி, கூட்டல் கழித்தல் முதலிய எளிய கணக்குகளால் விடையை அணுகும் முறையை வகுத்தார். படிப்படியாகச் செல்லும் இத்தகைய முறைக்கு மேலைநாட்டார் வழங்கும் ‘அல்காரிதம்’ என்னும் பெயர், ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம். பின்னர்க் கல்லணை ஒன்றின் உள்ளழுத்தங்களை இம்முறையால் ஆராய்ந்தபோது, கூலி கொடுத்து இளைஞரைக் கொண்டு கணக்கிடச் செய்தார். பிழையான கணக்கிற்குக் கூலி இல்லை!

1913இல் ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல்முயர் ஆய்வுக்கூடத்திற்குப் பொறுப்பேற்றார். சதுப்பு நீருக்குப் பயன்பட்ட முறை வானத்திற்கும் பயன்படாதா என்னும் எண்ணம் அங்கு வேரூன்றிற்று. அதற்குள் முதல் உலகப் போர் மூண்டது. கொல்ல மனம் ஒப்பவில்லை. பிறர் மடிகையில் வாளாவிருக்கவும் இயலவில்லை. 1916இல் பதவியைத் துறந்து, குவேக்கர்களின் மருத்துவ ஊர்திப் பிரிவிற் சேர்ந்து, பிரெஞ்சுப் படையின் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் ஓட்டுநரானார்.

காயம்பட்டோரைச் சுமந்தது போக எஞ்சிய பொழுதில், குளிர் மிகுந்த தங்குமிடத்தில், வைக்கோற் குவியலே மேசையாக அக்கணக்கைப் போட்டார். 1910 மே 20 காலை ஏழு மணிக்கு ஐரோப்பாவிற் பதிவான அளவுகளே அதற்கு அடிப்படை. ஆறு மணி நேர மாற்றத்தைக் கணிக்க ஏறக்குறைய ஆறு வாரம் சென்றது. 1917 ஏப்ரலில், ஷாம்பேன் போரின்போது பின்னணிக்கு அனுப்பப்பெற்ற கைப்படி தொலைந்து, சில மாதங்களுக்குப் பின் நிலக்கரிக் குவியலின் அடியிற் கிடைத்தது.

விடையோ பெரும் பிழை. அழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்றது கணக்கு. உண்மையில் அன்று அழுத்தம் அசையவே இல்லை எனலாம். காரணம் யாது? பெருங்கடை ஒன்றின் வரவும் செலவும் இலட்சக்கணக்கில் இருக்க, இலாபம் சில நூறே என்று கொள்வோம். வரவிற் சிறு பிழை நேர்ந்தாலும் இலாபக் கணக்கு தலைகீழாகும். ஓரிடத்திற் புகும் காற்றுக்கும் வெளியேறும் காற்றுக்கும் உள்ள வேறுபாடும் அத்தகையதே. முறை பழுதன்று, தொடக்கத்திற் கொண்ட காற்றளவுகளே சமநிலையின்றி இருந்தன.

1922இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட நூலில் இத்தோல்வியை முழுமையாக எழுதியதோடு, வியத்தகு கனவொன்றையும் தீட்டினார். உலக உருண்டையின் வடிவிலமைந்த பேரரங்கில் 64,000 பேர் அமர்ந்து, தத்தம் நிலப்பகுதியின் வானிலையைக் கணக்கிடுவர். நடுவில் அமர்ந்திருக்கும் தலைவர், முந்துவோர்மீது செந்நிற ஒளியும் பிந்துவோர்மீது நீல ஒளியும் பாய்ச்சி அனைவரையும் ஒருசேர நடத்துவார். ‘கம்ப்யூட்டர்’ என்னும் ஆங்கிலச் சொல் அந்நாளில் மனிதரையே குறித்தது; நம் பூங்குன்றனாரின் பெயரில் நிற்கும் ‘கணியன்’ அதற்கு நேராகத் தக்கது. வெப்பமண்டலத்தின் வானிலை பெரும்பாலும் முன்னரே தெரிந்ததென்று கருதி அவர் ஆட்களைக் குறைத்துக்கொண்டார். வங்கக் கடற்புயலை அறிந்த நாம் இதனை எங்ஙனம் ஒப்புவது?

போருக்குப்பின் வானிலைத் துறைக்கு மீண்டார். 1920இல் அத்துறை வான்படைக்குரிய அமைச்சகத்தின்கீழ் வந்ததும் மீண்டும் பதவி துறந்து, கல்லூரி ஆசிரியரானார். ஆயினும் காற்றின் சுழல்களைப் பற்றிய ஆய்வை விடவில்லை; அவர் பெயரால் வழங்கும் எண்ணொன்று இயற்பியலில் இன்றும் நிலைத்துள்ளது. பின்னர், நச்சுவாயு ஆய்வாளர்கள் தம் முடிவுகளில் நாட்டங்கொண்டதை அறிந்து அவ்வாராய்ச்சியைக் கைவிட்டார். அச்சேறாதவற்றை அழித்தும்விட்டார் எனத் துணைவியார் டோரதி பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஓர் ஆய்வாளருக்கு இதனினும் பெரிய இழப்பு யாதென நாம் அறியோம்.

1929 முதல் 1940 வரை பெய்ஸ்லி தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக விளங்கினார். ஓய்வுக்குப்பின், போர்கள் ஏன் மூள்கின்றன என்பதை எண்களால் ஆராய்வதிலேயே மூழ்கினார். நாடுகளின் எல்லை நீளங்களைத் தேடியபோது, ஸ்பெயின், போர்ச்சுகல் எல்லைக்கு ஒரு நூல் 987 கிலோமீட்டர் என்றும் மற்றொன்று 1,214 என்றும் கூறக் கண்டார். அளவுகோல் சிறுக்கச் சிறுக்க நீளம் பெருகும் என்னும் அவர் கண்டுபிடிப்பே, 1967இல் மாண்டெல்பிராட் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு வித்தாயிற்று.

1950இல் அமெரிக்காவின் ‘எனியாக்’ பொறியில் சார்னி குழுவினர் ஒருநாள் வானிலையைக் கணித்தனர். கணக்கிடவும் ஏறக்குறைய ஒருநாளே பிடித்தது. அப்படங்களைப் பெற்ற ரிச்சர்ட்சன், அவை உண்மையை எவ்வளவு ஒத்துள்ளன என்று டோரதியிடமே காட்டிக் கேட்டார். சற்றே மேல் என்பது அம்மையாரின் தீர்ப்பு. அதனையே மாபெரும் முன்னேற்றமெனப் பாராட்டி மடல் வரைந்தார். 1953 செப்டம்பர் 30ஆம் நாள் மறைந்தார். போர் பற்றிய அவர்தம் நூல்கள் 1960இலேயே முறையாக வெளிவந்தன.

வைக்கோற் குவியலின்மீது போடப்பட்ட அப்பழைய கணக்கைப் பீட்டர் லிஞ்ச் என்னும் அறிஞர் கணிப்பொறியில் மீண்டும் போட்டுப் பார்த்து, 2006இல் நூலாக்கினார். தொடக்க அளவுகளில் இருந்த பொய்யலைகளை வடிகட்டியதும், 145 என்னும் அவ்வெண் உண்மையை ஒட்டிய சிற்றெண்ணாகச் சுருங்கிற்று.