தம்பிகளைப் போன்ற பிள்ளைகளைக் காத்த மருந்து: டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

ஜும்ஆ முடிந்து ஜமாஅத்தார் கலைவதற்கு முன்பாக, வாசல் பக்கம் ஒருவர் தயங்கியபடி எழுந்து நிற்பார். கையில் ஒரு பை, அதற்குள் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவமனை இருப்பதால், வெளியூரிலிருந்து பிள்ளையைச் சேர்த்துவிட்டு நம் பள்ளிவாசல்களுக்கு உதவி கேட்டு வரும் வாப்பாமார்கள் உண்டு. பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொல்வதற்குள் குரல் உடைந்துவிடும்.

துண்டு விரித்து நம்மால் முடிந்ததைக் கொடுக்கிறோம். துஆச் செய்கிறோம். அதன் பிறகு அவர்கள் தனியாக வந்து கேட்கும் கேள்விகள்தான் இமாம்களுக்குக் கனமானவை. ஹஜ்ரத், நாங்கள் செய்த ஏதோ பாவத்தின் தண்டனையா இது? கண்ணேறா? காய்ச்சல் விட்டுப் பிள்ளை விளையாடுகிறானே, இனி ஊசியை நிறுத்திவிடலாமா?

அப்படிக் கேட்கும் பெற்றோருக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்வது என் வழக்கம். அவர் முஸ்லிம் அல்லர். ஆந்திராவில் பிறந்து, நம் சென்னையில் படித்து, அமெரிக்காவில் இறந்தவர். அவருடைய உழைப்பு இன்றும் நம் வீடுகளின் மருந்துப் பெட்டிக்குள் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியாது.

வறுமையில் ஒரு பிள்ளை

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணத்தின் பகுதி. தந்தை வருவாய்த்துறையில் சிறிய உத்தியோகத்தில் இருந்தவர். உடல்நலக் குறைவால் வேலையை முன்கூட்டியே விட நேர்ந்தது. வீட்டைத் தாங்கியவர் தாயார் வெங்கம்மா. மகன் படிக்க வேண்டும் என்பதற்காக நகையை விற்றவர் அந்தத் தாய்.

மகனோ படிப்பில் முதலில் பேர் வாங்கவில்லை. சிறு வயதில் காசிக்குப் போய் யாத்ரீகர்களிடம் வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பியவரைத் திருப்பி அழைத்து வந்தார்கள். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித்தான் தேறினார். பத்தாம் வகுப்பில் பிள்ளை தவறிவிட்டால் வீட்டையே இழவு வீடாக்கிவிடும் நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

மாநிலக் கல்லூரியில் படித்தபோது அவருக்குத் துறவியாகும் ஆசை வந்தது. தாய் சம்மதிக்கவில்லை. கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதராடை அணிந்து போனதால் ஆங்கிலேயப் பேராசிரியர் பிராட்ஃபீல்டின் அதிருப்திக்கு ஆளானார். முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசு வேலைக்கு வழியில்லாமல் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார்.

எட்டு நாளில் இரண்டு ஜனாஸா

இதற்கிடையில் அந்த வீட்டில் பெரிய இடி விழுந்தது. சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்னும் நோயால் எட்டு நாள் இடைவெளியில் இறந்தார்கள். குடல் உணவிலிருந்து சத்தை உறிஞ்ச முடியாமல் போகும் நோய் அது. தொடர்ந்து வயிற்றுப்போக்கு, நாக்கில் புண், கடும் ரத்தசோகை, பிறகு எலும்பும் தோலுமான உடல். சுப்பாராவுக்கே அந்த நோய் வந்து பிழைத்தார். மருத்துவம் படித்த அவருக்கு வீட்டு மையித்துகளுக்கு முன் சொல்ல ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. ஏனென்றால் அப்படி ஒரு மருந்தே அன்று உலகில் இல்லை.

அதைத் தேடித்தான் 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பல் ஏறினார். மாமனார் கொடுத்த பணமும் ஓர் அறக்கட்டளையின் உதவியும் வழிச்செலவானது. மனைவி சேஷகிரியை விட்டுச் சென்றார். அவர் போன பிறகு பிறந்த மகன், தோலில் பரவும் கிருமித் தொற்றால் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். மகன் முகத்தைத் தந்தை பார்க்கவே இல்லை. மனைவியிடமும் அவர் திரும்பி வரவில்லை. அந்தப் பெண்மணி சுமந்ததையும் இந்தக் கதையில் நாம் மறக்கக் கூடாது. ஒருவரின் சாதனைக்குப் பின்னால் பல நேரம் இன்னொருவரின் வாழ்நாள் விலையாகப் போயிருக்கிறது.

பாஸ்டனில் ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்களுக்கான படிப்பு. செலவுக்கு ஒரு மருத்துவமனையில் இரவு நேர எடுபிடி வேலை. நோயாளிகளின் மலசட்டியைச் சுத்தம் செய்யும் வேலையையும் அந்த டாக்டர் செய்தார்.

பிறகு ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவைக் காணும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டார்கள். உலகெங்கும் மாணவர்கள் அதை ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று படித்தார்கள். தசை வேலை செய்யும்போது சக்தி எங்கிருந்து வருகிறது என்பதில் பாஸ்போகிரியேட்டின், ஏடிபி என்ற இரு பொருள்களை இனங்கண்டார்கள். 1930இல் முனைவர் பட்டம் கிடைத்தது. ஆனால் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி என்ற மருந்து நிறுவனத்துக்குப் போய், அதன் ஆராய்ச்சித் தலைவரானார்.

பம்பாயின் ஏழை முஸ்லிம் பெண்கள்

சுப்பாராவ் தேடிய பொருளின் மறுமுனை இந்தியாவில்தான் இருந்தது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். கர்ப்பிணிகள் கடும் ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். யாருக்கு அதிகம் வருகிறது என்று பார்த்தபோது, சத்தான உணவுக்கு வழியில்லாத ஏழை முஸ்லிம் பெண்களே முன்னால் நின்றார்கள். நம் நீலகிரியில் உள்ள குன்னூரிலும் அவர் ஆய்வு செய்தார். ஈஸ்ட்டிலிருந்து தயாராகும் மார்மைட் என்ற மலிவான உணவுப்பொருளைக் கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். அதற்குள் இருந்த பொருள் எது என்று அன்று தெரியவில்லை.

பின்னாளில் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டதால், இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. கீரையிலிருந்தும் ஈரலிலிருந்தும் கிடைப்பது சொற்பம். 1945இல் சுப்பாராவின் குழு அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்துகாட்டியது. அது ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் பலன் கொடுத்தது. சகோதரர்களை அடக்கிய துயரத்தோடு கிளம்பியவர் ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பின் அந்த மருந்தைக் கண்ணால் பார்த்தார்.

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நம் வீட்டுக் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது அதுதான். வயிற்றைப் புரட்டுகிறது என்று அதை அலமாரியில் போட்டுவைக்கும் பெண்பிள்ளைகள் இந்த வரலாற்றை அறிய வேண்டும்.

தோல்வி காட்டிய வழி

ரத்தப் புற்றுநோய் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பெற்றோருக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்த அணுக்கள் உருவாகின்றன. சிவப்பணு உயிர்க்காற்றைச் சுமக்கிறது. தட்டணு ரத்தக்கசிவை அடைக்கிறது. வெள்ளையணு கிருமியோடு போராடும் காவல்படை. இந்த நோயில், முதிர்ச்சி அடையாத வெள்ளையணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி மஜ்ஜை முழுவதையும் அடைத்துக்கொள்கின்றன. பார்க்க வீரர்களின் கூட்டம். ஆனால் ஒருவனுக்கும் போராடத் தெரியாது. சிவப்பணு குறைவதால் பிள்ளை வெளிறிப் போகிறது. தட்டணு குறைவதால் ஈறில் ரத்தம் கசிகிறது, தோலில் கன்றிப்போகிறது. உண்மையான காவலர்கள் குறைவதால் சாதாரணத் தொற்றும் உயிரைக் கேட்கிறது.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற குழந்தை நோயியல் மருத்துவர் இந்தப் பிள்ளைகளுக்கு வழி தேடினார். அன்று இந்த நோய் வந்த பிள்ளை சில வாரங்களோ மாதங்களோதான் இருக்கும். ஃபோலிக் அமிலம் ரத்தத்தை ஊறச் செய்கிறதே என்று, சுப்பாராவின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த அந்த வகைப் பொருளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, வேகமெடுத்தது. நல்ல அணுவுக்கு உணவாவது கெட்ட அணுவுக்கும் உணவாகிவிட்டது.

அந்தத் தோல்வியில்தான் ஒரு வெளிச்சம் இருந்தது. கொடுத்தால் வளர்கிறது என்றால், தடுத்தால் பட்டினியில் சாகுமா? ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றம் கொண்டு, அதன் இடத்தில் போய் உட்கார்ந்து அணு பெருகுவதைத் தடுக்கும் பொருள்களைச் சுப்பாராவின் குழு செய்து அனுப்பியது. அவற்றில் ஒன்று அமினோப்டெரின். 1948 ஜூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். கடும் நோயில் இருந்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்திருந்தது. தணிந்தது சில மாதங்கள்தான். நோய் திரும்பி வந்தது. ஆனாலும் இந்த நோயை மருந்தால் பின்வாங்க வைக்க முடியும் என்று உலகம் முதல் தடவையாகப் பார்த்தது.

அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட்டும் அதே ஆய்வுக்கூடத்தில் பிறந்ததே. பிள்ளைகளுக்கு அதிகம் வரும் வகை ரத்தப் புற்றுநோயில், வேறு பல மருந்துகளோடு சேர்த்து அது இன்றும் கொடுக்கப்படுகிறது. நல்ல சிகிச்சை முழுமையாகக் கிடைக்கும் நாடுகளில் அந்த வகை நோய் வந்த பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். முழுமையாக என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். முதல் மாதத்திலேயே பிள்ளை தேறி ஓடியாடத் தொடங்கும். ஒளிந்திருக்கும் நோய் அணுக்களை அழிக்கத்தான் மீதிக் காலம். பாதியில் நிறுத்துவது அவற்றுக்கு வாசலைத் திறந்துவிடுவது.

அவர் விட்டுச் சென்றவை

யானைக்கால் நோய்க்காக நம் தெருக்களில் வீடு வீடாகக் கொடுத்த மாத்திரை நினைவிருக்கிறதா? டிஇசி எனப்படும் அந்த மருந்தும் 1947இல் அவர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததே. மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பெஞ்சமின் டக்கர் கண்டெடுத்து 1948இல் வெளியான ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து. சுப்பாராவின் தலைமையில்தான் அந்த ஆய்வு நடந்தது. தொற்றால் ஒரு மகனை இழந்தவரின் கையால், பலருடைய பிள்ளைகளைத் தொற்றிலிருந்து காக்கும் மருந்தை அல்லாஹ் வெளிப்படுத்தினான்.

1948 ஆகஸ்டில், உறக்கத்திலேயே மாரடைப்பால் அவர் இறந்தார். வயது 53. நோபல் பரிசு இல்லை. தன் பெயரை முன்னிறுத்தும் பழக்கமும் அவரிடம் இல்லை. 1995இல் இந்திய அரசு அவருக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது.

இன்னொரு செய்தி. நம் உடலின் காவல்படையே தவறி நம் மூட்டுகளைத் தாக்கினால் அது முடக்குவாதம். பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு வாதம் உண்டு. வீக்கத்தையும் எரிச்சலையும் தணிக்க அதற்கும் குறைந்த அளவில் மெத்தோட்ரெக்சேட் தருகிறார்கள். வாரம் ஒரு முறை மட்டும். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலமும் எழுதித் தருவார்கள். ஒரே சீட்டில் மேலும் கீழுமாக, அந்த மனிதரின் இரண்டு தேடல்கள். ஆனால் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளைக்கு, சத்து மாத்திரை என்று நாமாக ஃபோலிக் அமிலம் வாங்கிக் கொடுக்கக் கூடாது. ஏன் என்று மேலே படித்தவர்களுக்கு விளங்கும்.

நம் பங்கு

எந்த நோயையும் அதற்குரிய மருந்தின்றி அல்லாஹ் இறக்கவில்லை என்பது நமக்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த பாடம். மருத்துவம் செய்துகொள்ளும்படி அவர்கள் வழிகாட்டியும் இருக்கிறார்கள். மருந்து எங்கே என்று தேடுவது மனிதரின் வேலை. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறு வேறு நோய்கள் என்று பிரித்தெழுதிய அபூபக்ர் அர்-ராஸி, பிள்ளைகளின் ரத்தம் கொதித்துப் பொங்குவதால் அம்மை வருகிறது என்று நினைத்தார். அவர் சொன்ன காரணம் பின்னாளில் நிற்கவில்லை. அவருடைய கவனிப்பு நின்றது. அந்தத் தேடல் நம் முன்னோர் கையில் இருந்தது, பிறகு வேறு கைகளுக்குப் போனது. யார் கையில் இருந்தாலும் அது அல்லாஹ் கொடுத்த இல்மு.

எனவே அந்த வாப்பாவுக்கு நான் சொல்வது இதுதான். பாலகன் மேல் பாவம் இல்லை. அவனுடைய நோயைத் தண்டனை என்று சொல்ல நம் யாருக்கும் உரிமை கிடையாது. ஓதிப் பாருங்கள், துஆச் செய்யுங்கள், ஸதகா கொடுங்கள். அத்தோடு ஊசி போடும் தேதியைத் தவறவிடாதீர்கள். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம். அன்றிரவே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மற்ற பெற்றோரும், பிள்ளைக்கு விடாத காய்ச்சல், வெளிறல், காரணமில்லாத கன்றல், எலும்பு வலி இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு ஜும்ஆவில் துண்டு விரிப்பதோடு நம் கடமை முடியவில்லை. மூன்று ஆண்டுச் சிகிச்சைக்குப் பேருந்துக் கட்டணமும், கூட இருக்கும் தாய்க்குச் சாப்பாடும், தேவைப்படும்போது ரத்தம் கொடுக்க நான்கு இளைஞர்களும் வேண்டும். பைத்துல்மாலில் இதற்கென ஒரு பகுதியை ஒதுக்கினால், பணமில்லை என்று பாதியில் நிற்கும் ஒரு பிள்ளையாவது முழுச் சிகிச்சையும் பெறும்.

நோயுற்ற நம் பிள்ளைகள் எல்லோருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவைத் தருவானாக. அவர்களின் பெற்றோருக்குப் பொறுமையையும், நமக்கு அவர்களோடு நிற்கும் மனதையும் தருவானாக. ஆமீன்.