ஹோவர்டு துரையும் எங்கள் ஓரகடம் குவியலும்

மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது, பம்ப், மோட்டார் என்று ஏதாவது எழுதுவேன் என்றுதான் நண்பர்கள் நினைத்திருப்பார்கள். நான் எழுத வந்ததோ எரு போட்ட ஒரு வெள்ளைக்காரரைப் பற்றி.

ஓரகடத்தில் எங்கள் தொழிற்சாலை இருக்கும் இடம் கிராவல் கொட்டி நிரப்பிய நிலம். பசுமை வளையத்துக்கு வைத்த வேப்பங்கன்றுகள் இரண்டு தடவை காய்ந்துபோயின. இன்னொரு பக்கம், கழிப்பறை, கேன்டீன் தண்ணீரைச் சுத்தம் செய்கிற எஸ்.டி.பி.யில் ஸ்லட்ஜ் சேர்ந்துகொண்டே இருந்தது. அதை அப்படியே குவித்து மக்க வைத்துப் பார்த்தேன். செக்யூரிட்டிகூட அந்தப் பக்கம் வரவில்லை, அப்படி ஒரு நாற்றம்! மேலிடத்தில் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம்தான் ஹோவர்டைப் படித்தேன்.

ஆல்பர்ட் ஹோவர்டு 1873-ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, 1905-ல் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாவரவியலாளராக வந்தார். நம்ம விவசாயிக்குப் பாடம் சொல்ல வந்தவர், அவனிடமே பாடம் கேட்க உட்கார்ந்துவிட்டார். மனைவி கேப்ரியலும் தாவர விஞ்ஞானி. ஆராய்ச்சி இருவருடையது, ஊருக்குத் தெரிந்த பெயர் ஒருவருடையது. (வீட்டுக்கு வீடு வாசப்படிதானே!)

1924-ல் இந்தூரில் பயிர்த்தொழில் ஆராய்ச்சி நிலையம் வந்தது. இந்தூர் முறை அங்கே உருவானது. பருத்திமார், சருகு, களை ஆகியவற்றை அடுக்கி, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் சேர்த்து, ஈரம் காயாமல் புரட்டிப் போட்டால் மூன்று மாதத்தில் எரு. சூட்சுமம் விகிதத்தில் இருக்கிறது: நைட்ரஜன் ஒரு பங்கென்றால் கார்பன் சுமார் முப்பது பங்கு வேண்டும். என் முதல் குவியலில் நைட்ரஜன் மிஞ்சி, காற்றும் அடைபட்டிருந்தது. நாறாமல் என்ன செய்யும்?

1930-ல் கேப்ரியல் காலமானார். மறு வருஷமே, உடன் உழைத்த யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து புத்தகம் வெளியிட்டுவிட்டு, ஹோவர்டு ஊர் திரும்பினார். நல்ல எரு போட்ட மண்ணில் நோயே அண்டாது என்று பிற்காலத்தில் அவர் அடித்துச் சொன்னதை நான் முழுசாக ஏற்கவில்லை. ஆனால் குவியல் விஷயத்தில் துரை சொன்னது சரி. 1947 அக்டோபரில் இறந்தார்.

இப்போது ஸ்லட்ஜ் ஒரு பங்கு, நறுக்கிய தென்னை ஓலையும் சருகும் மூன்று பங்கு. குவியலுக்குள் 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் சூடு நிற்க வேண்டும், கிருமி சாக வேண்டுமே. பெயின்ட் ஷாப் கழிவு ஒரு சொட்டுகூட இதில் சேராது. உலோகம் உண்டா என்று லேபில் பார்த்த பிறகுதான் மண்ணில் போடுகிறோம். மூன்றாம் தடவை வைத்த வேம்பு துளிர்த்திருக்கிறது. தம்பிகள் யாராவது வந்தால் காட்டுகிறேன், மூக்கைப் பொத்த வேண்டியதில்லை.